சறுக்குமரத்தடிக்கு மணல் வாங்கிய கதை

சத்துவாச்சாரியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சறுக்குமரம் இருக்கிறது, மேல்தட்டு 4 அடி. அடியில் கொட்ட, காட்பாடிப் பக்கம் ஒரு கடையில் 2 யூனிட் மணல், அதாவது 200 கன அடி, சொன்னேன். 15க்கு 12 அடி இடம், 1 அடி ஆழம், கொஞ்சம் மிஞ்சும். 4 அடியிலிருந்து விழுந்தால் தாங்க 9 அங்குல மணல் வேண்டும் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு. நாளாக ஆகக் கால்வாசி அமுங்கிவிடும், அதனால்தான் 12 அங்குலம்.

டிப்பர் சொன்ன நேரத்துக்கு வந்தது, அளவும் குறையவில்லை. ஆனால் நான் கேட்டது கழுவிய ஆற்று மணல், கொட்டியது தூசி நிறைந்த எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணல். ஒரு பிடி அள்ளி, நனைத்து உருட்டி, திண்ணையில் வைத்தேன். வேலூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்? சாயங்காலம் பார்த்தால் கொழுக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது, கட்டைவிரலால் அழுத்தியும் உடையவில்லை. தளம் போட நல்ல சரக்குதான். பிள்ளைகள் தலைகுப்புற விழும் இடத்தில் அதற்கு என்ன வேலை?

"மணல்னா மணல்தான் சார்" என்றார் கடைக்காரர். இரண்டு நாள் இழுத்தடித்து, வண்டி வாடகையை என் தலையில் கட்டி, அப்புறம்தான் மாற்றிக் கொடுத்தார். புதிய மணல் காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஐந்துக்கு இரண்டரை மார்க் போடலாம்.

ராத்திரியில் பூனைகள் வந்து அசிங்கம் செய்யாமல் மூட ஒரு தார்ப்பாய் வாங்கினேன். அது தனிச் செலவு.