தேம்ஸ் நதியில் வெஸ்ட்மின்ஸ்டர் முதல் கிரீனிச் வரை: படகுப் பயண மதிப்புரை

லண்டனை முதன்முறையாகக் காணும் தம்பதியருக்கு, வெஸ்ட்மின்ஸ்டர் படகுத்துறையிலிருந்து கிரீனிச் வரை செல்லும் சுற்றுலாப் படகை நானும் என் மனைவியும் தயக்கமின்றிப் பரிந்துரைப்போம். நாடாளுமன்றக் கட்டடத்தில் தொடங்கி, செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம், குளோப் நாடக அரங்கு, லண்டன் கோட்டை என அடுத்தடுத்து இரு கரைகளிலும் வந்துகொண்டே இருப்பதால், சாலை நெரிசலில் அலைந்தாலும் கிட்டாத நகரக் காட்சி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது. 1894-இல் திறக்கப்பட்ட டவர் பாலத்தின் அடியில் படகு நுழையும் கணம்தான் பயணத்தின் உச்சம். அதன் இரு கோபுரங்களின் பருமனையும், உயரத்தில் அவற்றை இணைக்கும் நடைபாதைகளையும் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது.

கடலின் ஏற்றவற்றம் நகருக்குள்ளும் எட்டுவதால், நீர் வற்றிய வேளையில் கரையோரச் சேறும் கற்களும் வெளிப்பட்டுக் கிடக்கும். அழகை மட்டும் எதிர்பார்ப்போருக்கு அது ஏமாற்றமளிக்கலாம், எனக்கோ அதுவே சுவாரசியமாக இருந்தது. விளக்கவுரை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததோடு, திறந்த மேல்தளத்தில் அதன் பாதியைக் காற்று அடித்துச் சென்றுவிட்டது. கேனரி வார்ஃப் கண்ணாடிக் கட்டடங்களைக் கடக்கும் பகுதி சற்று அலுப்பூட்டுகிறது. கிரீனிச்சில் இறங்கியதும் 1869-இல் கட்டப்பட்ட ‘கட்டி சார்க்’ என்னும் பாய்மரக் கப்பல் அருகிலேயே நிற்கிறது. குன்றின் மீதுள்ள வானாய்வகத்தையும் காண விரும்புவோர் காலைப் படகிலேயே புறப்படுவது நல்லது.