ஏழு வருட நிரலாக்கப் போட்டிகள்: சான்றிதழில் இல்லாத ஓர் எண்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் மாலையில் ஒரு நிரலாக்க வகுப்பு நடத்துகிறேன். 2018-இல் 4 பிள்ளைகளோடு தொடங்கினேன், இப்போது 16 பேர். பாதிப் பேர் டவுன் பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளிலிருந்து வருகிறார்கள். மீதிப் பேர் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடிக்கணினியை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த ஏழு வருடத்தில் பிள்ளைகளை எத்தனையோ போட்டிகளில் உட்கார வைத்துவிட்டேன். பல்கலைக்கழகங்கள் நடத்துபவை, தனியார் நடத்துபவை, வெளிநாட்டுத் தளங்களில் வாராவாரம் நடப்பவை என்று எல்லாம் பார்த்தாயிற்று. எதில் சேர்க்கலாம், எதற்குப் பணம் கட்டலாம் என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சான்றிதழுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான கணக்கில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தில், போட்டி பள்ளி அளவிலா, மாவட்டமா, மாநிலமா, தேசியமா என்பதும் சேர்த்தி. எல்லாரும் நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் துறையில் அரைப் புள்ளிகூட இடத்தை மாற்றிவிடும். அதனால்தான் தோட்டத்தில் காய் பொறுக்கும் ஓர் அம்மாகூட பிளாஸ்டிக் ஃபைலில் மகனின் தாள்களை வருட வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். புதுப் போட்டி என்று நான் வாயெடுத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இதற்குச் சர்ட்டிபிகேட் உண்டா டீச்சர்?” என்பதுதான். அவர் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

தப்பு எங்கே என்று எனக்குப் புரிந்தது 2021-இல். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம், எல்லாமே இணையத்தில். ஓர் ஏற்பாட்டாளர் தேசிய அளவில் மாணவர் போட்டி என்று அறிவித்தார். தலைக்கு 30 ரிங்கிட். மதியம் 2 முதல் 4 வரை, 5 கணக்குகள். என் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்தார்கள். அதில் படிவம் 4 (16 வயது) மாணவி ஒருத்தி, தோட்டத்துப் பெண். அம்மாவின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் அவளுடைய கணினி ஓடியது. மூன்று மணிக்கு வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாவது கணக்கை அவள் அனுப்பியது 3:12-க்கு. திரையில் ‘காத்திருக்கிறது’ என்று வந்தது, அப்படியே நின்றது. பயந்துபோய் அதை அம்மாவின் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாள். மூலையில் கணினியின் மணியும் தெளிவாகத் தெரியும்படி. கடைசியில் ‘சரி’ என்று வந்தபோது பதிவான நேரம் 3:31.

அவள் அனுப்பிய நேரத்தை அந்தத் தளம் எடுத்துக்கொள்ளவில்லை. தன் சர்வர் திருத்தி முடித்த நேரத்தையே எடுத்துக்கொண்டது. ஐந்தையும் சரியாகப் போட்டவர்களை நேரத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். அந்த 19 நிமிடம் அவளை 47-ஆம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. படத்தோடு விளக்கமாக எழுதி அனுப்பினேன். நடுவர் முடிவே இறுதியானது என்று ஒரு வரி பதில் வந்தது.

அதைவிட மனசு நொந்தது சான்றிதழ் வந்தபோது. அவளுடைய தாளில் ‘வெண்கல விருது, தேசிய நிலை’. அதே வகுப்பில் ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்ட பையனின் தாளிலும் ‘வெண்கல விருது, தேசிய நிலை’. அதே தங்கக் கரை, அதே கையெழுத்து. அந்தப் பையனுக்கே கூச்சமாக இருந்தது. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எத்தனை பேரில் 47 டீச்சர்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. முழு வரிசைப் பட்டியலை அவர்கள் வெளியிடவே இல்லை. 50 பேரில் 47-ஆ, 5,000 பேரில் 47-ஆ? இரண்டும் ஒன்றா?

அதற்கப்புறம் பெரிய போட்டிகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று உட்கார்ந்து படித்தேன். கல்லூரி அணிகளுக்கான ஐசிபிசி போட்டியில் ஓர் அணிக்கு 3 பேர், ஒரே கணினி, 5 மணி நேரம். அதிகக் கணக்குப் போட்டவர் மேலே. சமம் என்றால் நேரத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கணக்கும் போட்டி தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் சரியானது என்று கூட்டி, தவறாக அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் 20 நிமிடம் சேர்ப்பார்கள். கடைசிவரை தீராத கணக்கில் எத்தனை முறை தவறினாலும் தண்டனை இல்லை. இதை வகுப்பில் வெண்பலகையில் போட்டுக் காட்டுவேன். ஓர் அணி 20, 50, 110-ஆவது நிமிடங்களில் மூன்று கணக்கை முதல் தடவையிலேயே முடித்தால் 180. இன்னோர் அணி 15, 40, 95-இல் முடித்தும் கடைசிக் கணக்கில் இரண்டு முறை தவறியிருந்தால் 150-உடன் 40 சேர்ந்து 190. வேகமானவர்கள் கீழே போய்விட்டார்கள். பிள்ளைகள் இதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் விதி முன்கூட்டியே தெரியும், கணக்கைத் தாங்களே கூட்டிப் பார்க்கலாம்.

பள்ளி மாணவர்களுக்கான அனைத்துலகத் தகவலியல் ஒலிம்பியாட் (ஐஓஐ) என்ற நிரலாக்கப் போட்டி வேறு மாதிரி. 1989-இல் பல்கேரியாவில் தொடங்கியது. நாட்டுக்கு 4 பேர். இரண்டு நாள், நாளுக்கு 5 மணி நேரம், 3 கணக்குகள். அங்கே யார் முதலில் அனுப்பினார் என்ற பேச்சே கிடையாது, புள்ளி மட்டும்தான். ஒரு கணக்கைப் பாதி தீர்த்தாலும் அந்தப் பாதிக்கு மதிப்பு உண்டு. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பதக்கம். அதிலும் தங்கம், வெள்ளி, வெண்கலம் 1:2:3 என்ற கணக்கில். வெண்கலம் வாங்கியவர் எங்கே நிற்கிறார் என்று அந்த விகிதமே சொல்லிவிடும். கேள்விகளை அந்தந்த நாட்டு அணித் தலைவர்கள் பிள்ளைகளின் மொழியில் பெயர்த்துத் தருகிறார்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை கணக்கிலும் தடுமாறுகிறது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

நீண்ட நாள் பயன்படுத்தியதில் என் வகுப்புக்கு ஒத்துவந்தது ஜப்பானின் அட்கோடர் என்ற போட்டித் தளம். தொடக்கநிலைப் போட்டி பெரும்பாலும் சனிக்கிழமை, நம் நேரப்படி இரவு 8 மணிக்கு. 100 நிமிடம். கட்டணம் இல்லை. தவறான ஒவ்வோர் அனுப்பலுக்கும் 5 நிமிடத் தண்டனை. முடிந்தவுடன் மொத்தப் பட்டியலும் திறந்து கிடக்கும். யாருடைய நிரலையும் எடுத்துப் படிக்கலாம். ரேட்டிங், அதாவது போட்டிக்குப் போட்டி மாறும் திறன் எண், புதியவர்களுக்கு முதலில் குறைவாகவே காட்டும், பல போட்டிகள் எழுதிய பிறகுதான் உண்மை நிலைக்கு ஏறிவரும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். நான் 2019-இல் சொல்லத் தவறினேன், இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அந்த இருவரை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ரஷ்யாவில் பிறந்த கோட்ஃபோர்ஸஸ் தளம் கணக்குகளின் தரத்தில் இன்னும் உயர்வு. 1600-க்குக் கீழே ரேட்டிங் உள்ளவர்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு, புதியவர்கள் மலைத்துப்போகாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் போட்டிகள் பெரும்பாலும் மாஸ்கோ நேரம் 17:35-க்குத் தொடங்கும். நமக்கு அது இரவு 10:35. முடிய நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் பள்ளி, வீட்டில் ஒரே அறை, அப்பா விடியுமுன் வேலைக்கு எழ வேண்டும். விதி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அந்த மணிக்கு விளக்கைப் போட முடியாத பிள்ளைக்கு அந்தத் தரவரிசை கிடையாது. முடிந்துபோன போட்டியை அதே நேர அளவில் பிறகு எழுதும் மெய்நிகர் முறையில், வார இறுதியில் எழுத வைக்கிறேன். பயிற்சி கிடைக்கும், ரேட்டிங் கிடைக்காது.

இரண்டு தளங்களிலும் வாராந்தரப் போட்டிக்குப் புறப்பாடப் புள்ளிக்கு ஆகும் சான்றிதழ் இல்லை. ஏழு வருடத்தில் நான் கண்டது இதுதான்: நியாயமாக அளந்த இடத்தில் தாள் இல்லை, தாள் தந்த பல இடங்களில் அளவே இல்லை.

நகல் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். 2023-இல் ஒரு மாநில அளவிலான போட்டியில் என் மாணவர்கள் இருவர் ஒரே நிரலை அனுப்பியதாகத் தகுதி நீக்கப்பட்டார்கள். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். பக்கத்து பக்கத்து வீடு, ஒரே இணைய இணைப்பு. நிரல் ஒத்துப்போனது உண்மைதான். இருபாதித் தேடலுக்கு (வரிசையான எண்களை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடும் முறை) வகுப்பில் நான் கொடுத்த 12 வரி மாதிரி நிரல்தான் இருவரிடமும் இருந்தது, மாறிகளின் பெயர்கூட என்னுடையவை. ஒப்புமை கண்டுபிடிக்கும் கருவிகள் புதியவை அல்ல. ஸ்டான்ஃபோர்டின் அலெக்ஸ் ஐக்கன் உருவாக்கிய ‘மாஸ்’ 1994-இலிருந்து இருக்கிறது. அதில் ஆசிரியர் கொடுத்த பொது நிரலைத் தனியாக ஏற்றி, அந்த வரிகளைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லும் வசதியும் உண்டு. கருவி ஒப்புமையைத்தான் சொல்லும், திருட்டு என்று சொல்லாது. அதை முடிவு செய்ய ஒரு மனிதர் பேச வேண்டும். இவர்களோடு யாரும் பேசவில்லை. நான்தான் விடாமல் எழுதி, இருவரையும் தொலைபேசியில் தனித்தனியாக விளக்க வைத்தேன். சின்னவன் கரும்பலகை முன்னால் நிற்பதுபோல் கையை ஆட்டி ஆட்டி நடு எண்ணை ஏன் அப்படி எடுத்தான் என்று சொன்னதை இப்போதும் மறக்க முடியவில்லை. இடம் திரும்பக் கிடைத்தது, ஒன்பது நாள் கழித்து. பரிசளிப்பு முடிந்திருந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. அட்கோடரும் கோட்ஃபோர்ஸஸும் போட்டி நேரத்தில் அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டன. வீட்டிலிருந்து எழுதும் போட்டியில் அதை யார் கண்காணிப்பது? என் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். போட்டி முடிந்த மறுவாரம் ஆளுக்கு ஒரு கணக்கை எடுத்து, நிரலைப் பார்க்காமல் மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். விளக்க முடியாத கணக்கை எங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரு பையன் முதல் மாதம் மூன்று கணக்கை அப்படி இழந்தான். நான்காவது மாதம் அவன்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

சென்ற ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்கு நானே ஒரு கடிதம் தருகிறேன். எந்தப் போட்டி, எந்தத் தேதி, எத்தனை கணக்கில் எத்தனை, எத்தனை பேரில் எத்தனையாவது இடம், பொதுவில் பார்க்கக்கூடிய பக்கத்தின் முகவரி. அலங்காரம் ஒன்றும் இல்லை. ஓர் அம்மா அதைப் பள்ளிக்குக் கொண்டுபோனார். புறப்பாட ஆசிரியர் முழுவதும் படித்துவிட்டு, புள்ளி போட வழியில்லை, ஆனால் ஃபைலில் சேர்த்து வைக்கிறேன் என்றாராம். 47-ஆம் இடத்து மாணவி இப்போது கணினி அறிவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் வகுப்புக்கு வந்து சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொள்கிறாள்.

கட்டணம் கேட்கும் எந்தப் போட்டிக்கும் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளை எழுதி அனுப்புகிறேன். சமப் புள்ளி வந்தால் எதை வைத்துப் பிரிப்பீர்கள்? அனுப்பிய நேரமா, திருத்திய நேரமா? முழுப் பட்டியல் வெளியாகுமா? சான்றிதழில் கலந்துகொண்டவர் எண்ணிக்கை இருக்குமா? அடுத்த மாதப் போட்டியின் ஏற்பாட்டாளர் முதல் மூன்றுக்கும் தெளிவாகப் பதில் எழுதியிருக்கிறார். நான்காவதைக் குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பதிவு 28-ஆம் தேதி வரை திறந்திருக்கிறது. ஐந்து பேரின் பணத்தை உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.