அசிஸ்டட் லிவிங்கில் ஹாஸ்பைஸ்: ஓராண்டுக்கு மேல் பார்த்ததில்

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இதயம் பலவீனம். கலிஃபோர்னியாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆறு பேர் தங்கும் முதியோர் இல்லம் (அசிஸ்டட் லிவிங்) ஒன்றில் இருந்தார். கால் வீங்கும், மூச்சு வாங்கும், ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரியில் நீரை இறக்கி அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. "இனிமே என்னை அங்க கொண்டு போகாதீங்க" என்று அவரே சொன்ன பிறகுதான் ஹாஸ்பைஸுக்குக் கையெழுத்துப் போட்டோம். நோயைக் குணப்படுத்தப் பார்க்காமல், கடைசிக் காலத்தில் வலியும் தவிப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் சேவை அது.

ஹாஸ்பைஸ் என்றதும் தனியாக ஒரு கட்டடம் என்றுதான் நம்மவர்கள் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை, ஆள் இருக்கும் இடத்துக்கே வருவார்கள். நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோதான் என்று மருத்துவர்கள் எழுதித்தர வேண்டும். அதன்பின் நர்ஸ், குளிப்பாட்டிவிட ஆள், சமூகப் பணியாளர், கட்டில், ஆக்ஸிஜன், டயப்பர், அந்த நோய்க்கான மருந்து எல்லாம் மெடிகேர் பார்ட் ஏ (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் ஒரு பகுதி) கணக்கில் வரும். மருந்துச் சீட்டுக்கு அதிகபட்சம் 5 டாலர் கேட்கலாம். எங்களிடம் அதுவும் கேட்கவில்லை. ஆனால் இல்லத்தின் மாதக் கட்டணம் முழுக்க நம் தலையில்தான். அதில் ஒரு காசு குறையாது.

கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு ஒரு விஷயம். பிள்ளைகள் எவ்வளவு வரி கட்டியிருந்தாலும் அது அவர்கள் கணக்கில் சேராது. 65 வயதும், தொடர்ந்து ஐந்தாண்டு வசிப்பும் இருந்தால் பார்ட் ஏ-யை மாதப் பிரீமியம் கட்டி வாங்கலாம். நாங்கள் வாங்கியபோது "தண்டச் செலவு" என்று வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று, இந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட இல்லங்கள் ஹாஸ்பைஸ் நோயாளியை வைத்துக்கொள்ள அரசின் தனி அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் ஆளை இடம் மாற்றச் சொல்வார்கள். சேர்க்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான சங்கதி. ஹாஸ்பைஸ்காரர்கள் கூடவே உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நர்ஸ் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், ஒரு மணி நேரத்துக்குள். மீதிப் பொழுதெல்லாம் இல்லத்து ஊழியர்கள்தான். அங்கே இருந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் அத்தையை "லோலா" என்று கூப்பிட்டு, பாட்டியைப் போலவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ராத்திரி மூச்சு முட்டும்போது பூட்டிய அலமாரியில் இருக்கும் மார்ஃபின் சொட்டு மருந்தைத் தாங்களாக எடுத்துக் கொடுக்க அவர்களுக்கு அனுமதியில்லை. போன் செய்ய வேண்டும். 24 மணி நேர எண் என்று தருவது பல சமயம் செய்தி வாங்கி வைக்கும் ஓர் ஆளிடம் போகும். நர்ஸ் பிறகு கூப்பிடுவார். ஒருநாள் இந்தச் சுற்றுக்குள் அத்தை நெடுநேரம் தவித்துவிட்டார்.

மறுநாளே இரு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தோம். எப்போது, யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது என்று நர்ஸ் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினார். அத்தைக்குத் தூக்கக் கலக்கத்தில் தமிழ் மட்டும்தான் வரும். அதனால் "மூச்சு முட்டுது", "வலிக்குது", "தண்ணி" மூன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பக்கத்திலேயே நான் ஒட்டினேன். நர்ஸ் எழுதியதைவிட இதுதான் அதிகம் உதவியது என்று ராத்திரி டியூட்டிப் பெண் சொன்னாள்.

மார்ஃபின் என்றதும் மதுரையிலிருந்து நாத்தனார் "அதைக் குடுத்தா ஆளே போயிருவாங்களாமே" என்று அழுதார். கொடுத்தது மூச்சுத் திணறலைத் தணிக்கும் மிகச் சிறிய அளவு. அத்தை தூங்கி எழுந்து காபி கேட்டார். வீடியோவில் அதைப் பார்த்த பிறகுதான் நாத்தனார் அடங்கினார்.

ஆறு மாதம் தாண்டினால் நிறுத்திவிடுவார்களா என்று பலர் கேட்கிறார்கள். முதலில் 90 நாள், 90 நாள். பிறகு 60 நாளுக்கு ஒருமுறை நேரில் பார்த்துப் புதுப்பிப்பார்கள். தகுதி இருக்கும்வரை ஓடும். உடம்பு தேறினால் வெளியே அனுப்பவும் செய்வார்கள். அதனால் பரிசோதனை நாளில் அத்தை இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டால் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாது. அபத்தமான ஏற்பாடு, ஆனால் அப்படித்தான்.

முடிவு விடிகாலையில் வந்தது. அவசர உதவி எண்ணான 911-க்கு அழைக்காமல் ஹாஸ்பைஸுக்கே அழைத்தார்கள். நர்ஸ் வந்து உறுதி செய்து, மற்ற அழைப்புகளையும் அவரே பார்த்துக்கொண்டார். கட்டிலும் ஆக்ஸிஜன் கருவியும் அடுத்தநாள் போய்விட்டன. அதன்பின் ஓராண்டு வரை குடும்பத்துக்கு ஆறுதல் அழைப்புகள் உண்டு. நான் இரண்டொரு முறைதான் எடுத்தேன், என் கணவர் ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் பேசினார். அறையிலிருந்து சாமான்களை எடுத்த பிறகு கட்டணம் வாங்கக்கூடாது என்பது கலிஃபோர்னியா சட்டம். அந்த வார இறுதியிலேயே காலி செய்தோம். முன்பணமாகக் கட்டியதில் மீதி திரும்பி வந்தது.