ஒரே பேக்கேஜில் அம்மாவுக்கும் மகளுக்கும் பல் சீரமைப்பு: கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் பல கிளைகள் வைத்து நடத்தும் ஒரு பல் மருத்துவமனையில் என் அக்காவும் அவள் மகளும் பட்ட பாட்டை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போயிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரியான வியாபாரம் வேறு பெயர்ப் பலகைகளின் கீழும் நடக்கிறது. அதனால் பெயரைவிட அவர்கள் நடந்துகொண்ட விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

அக்காவுக்கு 43 வயது. சின்ன வயதில் அவளுக்குப் பல்வரிசை நன்றாகவே இருந்தது. கடைசி நாலைந்து வருடத்தில்தான் மேல் முன்பற்கள் மெல்ல விலகி, நடுவில் சந்து விழுந்து, முன்பக்கம் சாய ஆரம்பித்தன. மகளுக்கு எட்டரை வயது. பால் பல் விழுந்து புதிதாக முளைத்த இரண்டு முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது. 'இலவச ஸ்கேன்' என்ற விளம்பரத்தைப் பார்த்து அங்கே போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

வாய்க்குள் சின்ன கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் அக்காவின் பற்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து அழகாக வரிசைக்கு வந்தன. அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி விளக்கியவர் டாக்டர் இல்லை, 'கோஆர்டினேட்டர்' என்று அடையாள அட்டை மாட்டியிருந்த பெண். "மேடம், உங்களுக்கு அலைனர், பாப்பாவுக்கு இப்பவே க்ளிப். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஃபேமிலி பேக்கேஜ்ல போட்டா நல்லா குறையும். ஆனா இந்த ஆஃபர் இன்னிக்கு மட்டும்தான்" என்றார். அலைனர் என்பது பல்லை நகர்த்த, பற்களின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாட்டும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறை. அக்காவுக்கு 1,45,000 ரூபாய், பாப்பாவுக்கு 38,000. ரொக்கமாகக் கட்ட வேண்டாம், வட்டியில்லாத தவணை என்றார்கள். ஆதார், பான், ஒரு ஓ.டி.பி. அவ்வளவுதான், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து அக்கா பெயரில் கடன் வந்துவிட்டது. டாக்டர் அதற்கு அப்புறம்தான் அறைக்குள் வந்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், "பண்ணிடலாம்" என்றார், போய்விட்டார்.

அன்றைக்கு அங்கே செய்யாமல் விட்டவை எவை என்று இப்போது தெரியும். முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கவில்லை. தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எடுக்கவில்லை. ஈறை யாரும் அளந்து பார்க்கவில்லை. "சுகர் இருக்கா?" என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஈறு நோயை மோசமாக்கும் என்பது பல் மருத்துவத்தில் அடிப்படைப் பாடம்.

அலைனர் மொத்தத்தையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிர, ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். அக்கா அதில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. சில மாதங்களில் ஈறில் ரத்தம் கசிந்தது, அழுத்தினால் சீழ் வந்தது, வாயில் துர்நாற்றம், மேல் முன்பல் ஒன்று கையால் தொட்டாலே ஆடியது. போய்க் கேட்டபோது முன்பு பார்த்த டாக்டர் அங்கே இல்லை. புதிதாக இருந்தவர், "பல்லு நகரும்போது ஆடத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பல்லை நகர்த்தும்போது லேசான அசைவு இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஈறை அழுத்தினால் சீழ் வருவது எந்தச் சிகிச்சையிலும் சாதாரணம் இல்லை. அப்படி இருந்தும் பெட்டியிலிருக்கும் அடுத்த அலைனருக்கு மாறச் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

பிறகு, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்த, வயதில் மூத்த ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஸ்கேன், வீடியோ எதையும் கேட்கவில்லை. முதலில் கேட்ட கேள்வி: "ஏம்மா, இந்தச் சந்து சின்ன வயசுலேர்ந்தே இருக்கா, நடுவுல வந்ததா?" நடுவில் வந்தது என்றதும், அளவுக்கோடு போட்ட மெல்லிய கருவியை எடுத்து ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்தார். ஆரோக்கியமான ஈறில் அது 3 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். அக்காவுக்குச் சில இடங்களில் 6, 7 காட்டியது. ஓ.பி.ஜி.யில் முன்பற்களின் வேரைப் பிடித்திருக்கும் எலும்பு பாதிவரை கரைந்திருப்பது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

அவர் விளக்கியது இதுதான். ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புது எலும்பு உருவாவதால்தான் பல் நகர்கிறது. க்ளிப்பாக இருந்தாலும் அலைனராக இருந்தாலும் இதே கதைதான். ஈறில் நோய் இருக்கும்போது பல்லைத் தள்ளினால் கரைவது நடக்கும், உருவாவது சரியாக நடக்காது. நடுத்தர வயதில் பல் புதிதாக விலக ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈறு நோயைத்தான். பல்லில் படிந்த காரையை எடுத்து, ஈறுக்குச் சிகிச்சை செய்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, நிலைமை நிலைபெற்ற பிறகுதான் வரிசைப்படுத்துவதைப் பற்றியே பேச வேண்டும். அக்காவுக்கு இதெல்லாம் தலைகீழாக நடந்திருக்கிறது. ஆடிய பல்லை இப்போது டாக்டரம்மா பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார். அது தங்குமா என்று இன்னும் உறுதி சொல்லவில்லை.

பாப்பாவின் வாயைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகமே மாறிவிட்டது. மேல் முன்பற்கள் நான்கிலும் க்ளிப் ஒட்டி, கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். ஏழெட்டு வயதில் முன்பற்கள் விரிந்து நடுவில் இடைவெளி இருப்பது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டம்தானாம். எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை அழுத்துவதால் அப்படி விரிகிறது. 11, 12 வயதில் கோரைப்பல் முளைக்கும்போது, பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தச் சந்து தானாகவே மூடிக்கொள்ளும். அதற்கு முன்பே வலிந்து மூடினால் முன்பல்லின் வேர், கோரைப்பல் இறங்கும் வழியில் குறுக்கே போய், வேர் கரையும் ஆபத்து இருக்கிறது. கோரைப்பல் எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்காமலே இவர்கள் கம்பி போட்டிருக்கிறார்கள். அதை அன்றைக்கே கழற்றிவிட்டார். இப்போது பாப்பாவுக்குச் சிகிச்சை எதுவும் இல்லை, அவ்வப்போது கூட்டிப்போய்க் காட்டினால் போதும்.

இதைப் படித்துவிட்டு, சின்னக் குழந்தைகளுக்கு எதுவும் செய்யவே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறது. காட்டுவது வேறு, கம்பி போடுவது வேறு. மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாறி விழுவது, கீழ்த்தாடை முன்தள்ளி வளர்வது, விரல் சூப்பும் பழக்கத்தால் பல் தூக்கிக்கொண்டு வருவது, இவற்றையெல்லாம் சீக்கிரம் கவனித்தால்தான் நல்லது. கீழ்த்தாடை பின்தங்கிய எத்துப்பல்லுக்கு, உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில், தாடை வளர்ச்சியைப் பயன்படுத்தும் கழற்றி மாட்டும் சாதனங்கள் உதவும். அந்தப் பருவம் பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னாலும் பையன்களுக்கு ஓரிரு வருடம் பிந்தியும் வரும். குறுகிய மேல் அண்ணத்தை விரிப்பதும் அதன் நடு இணைப்பு இறுகுவதற்கு முன்னால்தான் எளிது. நிலைப்பற்கள் பெரும்பாலும் முளைத்துவிடும் 11 முதல் 14 வயதுவரைதான் முழு க்ளிப் போட வழக்கமான காலம்.

பெரியவர்களுக்கு இந்தத் தாடை வளர்ச்சி என்ற சௌகரியம் கிடையாது. ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் 50 வயதிலும் பல்லை நகர்த்தலாம், வயது மட்டும் தடையில்லை. ஆனால் குறை தாடை எலும்பிலேயே இருந்தால் அலைனரால் தாடையை மாற்ற முடியாது. அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எந்த வயதில் செய்தாலும் முடிந்த பிறகு, பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் போட வேண்டும், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். எங்களுக்குக் கொடுத்த விலைப்பட்டியலில் ரிட்டெய்னர் என்ற சொல்லே இல்லை.

இனி பணத்துக்கு வருகிறேன். திருப்பிக் கேட்டபோது, அக்கா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். அலைனர் தயாரித்துக் கொடுத்தாகிவிட்டது, அதனால் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர முடியாதாம். ஃபைனான்ஸ் கம்பெனியோ, "மருத்துவமனைக்குப் பணம் போய்விட்டது, சிகிச்சைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, தவணை தவறினால் சிபில் ஸ்கோர் குறையும்" என்கிறது. ஆக, பல்லைக் கெடுத்த சிகிச்சைக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கிறது. நாளைக்கு அந்தக் கிளையே மூடினாலும் கடன் நிற்காது. அமெரிக்காவில் தபால் வழியாக அலைனர் விற்ற ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் திடீரென்று மூடியது. சிகிச்சை பாதியில் நின்றவர்களில் தவணைத் திட்டத்தில் இருந்தவர்கள், பணத்தைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றுதான் அறிவித்தார்கள். அதனால் முடிந்தவரை, சிகிச்சை நடக்க நடக்கக் கட்டணம் கட்டும் இடத்தைப் பாருங்கள். எம்.டி.எஸ். டாக்டர்கள் பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை ஒவ்வொரு முறை வரும்போதும் வாங்குகிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே நேரம் பிடிக்கும், ஆனால் பேக்கேஜ் விற்க ஆள் கிடையாது.

கையெழுத்துக்கு முன்னால் நேராகக் கேளுங்கள்: எனக்குச் சிகிச்சை செய்யப்போகும் டாக்டர் யார், அவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா, முடியும்வரை அவரேதான் பார்ப்பாரா? தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பி.டி.எஸ். என்ற அடிப்படைப் பல் மருத்துவப் பட்டம் மட்டும் படித்த நல்ல டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் பல் சீரமைப்புக்கென்று தனியாக மூன்று வருடம் படித்தவரின் கண் வேறு. எக்ஸ்ரே எடுக்காமல் திட்டம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியவர்கள் எங்களைப் போல இருந்தால், முதலில் ரசீது, ஒப்புதல் படிவம், வாட்ஸ்ஆப் உரையாடல், கடன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேன், சிகிச்சைப் பதிவுகளின் நகலை மின்னஞ்சலில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். மாட்டியிருக்கும் அலைனரையோ கம்பியையோ கோபத்தில் நீங்களே கழற்றிப் போடாமல், வேறொரு சீரமைப்பு நிபுணரிடம் காட்டி, அவர் கண்டதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதிவு செய்யலாம். நாங்கள் அப்படித்தான் பதிவு செய்திருக்கிறோம். தீர்ப்பு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், அப்போது பெயரையும் சேர்த்து.