ரப்பர் பேண்ட் போட்ட கேமரா: மூன்று வருட அனுபவம்

போன வாரம்தான் கேமரா ரிப்பேரிலிருந்து திரும்பி வந்தது. மூன்று வாரம், 145 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்தான்). அதே வாரத்தில் பழைய கூட்டாளி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஜூலையோட நானும் வேலைய விட்டுடுறேன். நீங்க வச்சிருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" தோ பாயோ கோப்பிக்கடையில் தே ஓ (பால் ஊற்றாத டீ) ஆறுவதற்குள் சொல்லி முடிக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு டயலைப் பற்றியே இருபது நிமிஷம் பேசியிருக்கிறேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். மீதி இங்கே.

மெகாபிக்சல், சென்சார் அளவு எல்லாம் எழுதப் போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிராண்டு பெயரும் வேண்டாம். திட்டப் போகிறேன், எதற்கு வம்பு. மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத வகை. 2023 தொடக்கத்தில் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைத்தொகுதியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 35 மில்லிமீட்டர் லென்ஸோடு சேர்த்து 1,050 வெள்ளி. இது போதும்.

நான் 36 வருடம் லிஃப்ட் டெக்னீஷியன். பேப்பரில் மின்தூக்கி என்று அழகாக எழுதுவார்கள், எங்கள் வாயில் லிஃப்ட்தான். 2022இல் வெளியே வந்தேன். தகுதி இருந்தால் 68 வயது வரை மறுவேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று சட்டம் இருந்தது, என் முழங்காலுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து முதல் மாதமே நல்லா ஓடிக்கொண்டிருந்த ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டேன். மனைவிதான் சமூக மன்றத்தில் கேமரா வகுப்பு நடக்கிறது என்று நோட்டீஸைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஆறு சனிக்கிழமை. ஐந்து வகுப்பு மறந்துவிட்டது, ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது.

அன்றைக்கு ஆசிரியர் மேசையில் ஒரு வெள்ளைத் துணியையும் ஒரு கறுப்புத் துணியையும் விரித்தார். ஒவ்வொன்றையும் திரை முழுக்க வருகிற மாதிரித் தனித்தனியாக எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் இரண்டும் சாம்பல். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டருக்கு அது பார்ப்பது வேட்டியா கோட்டா என்று தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல், அதாவது 18 சதவீதச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும் என்றார். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வேண்டுமென்றால் நாம்தான் கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும். கூட்டவும் குறைக்கவும் உள்ளதுதான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் டயல்.

என் கேமராவில் அது மேல்தட்டின் வலது ஓரத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கழித்தல் 3, மறுபக்கம் கூட்டல் 3, மூன்றில் ஒரு பங்காக நகரும். பல் பல்லாக வெட்டிய உலோகம். திருப்பும்போது விரல் நுனியில் டிக் டிக் என்று ஒரு சின்ன இடறல். அழகுதான். வாங்கிய அன்றைக்கு எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து டோபி காட்டிலிருந்து வீடு வரை திருப்பிக்கொண்டே வந்தேன்.

அந்த டயலுக்குப் பூட்டு கிடையாது.

பையிலிருந்து எடுத்தால் திரும்புகிறது. பையில் வைத்தால் திரும்புகிறது. தோளில் தொங்கவிட்டு நடந்தால் இடுப்பில் உரசித் திரும்புகிறது. லிஃப்ட் கூரைமேல் இன்ஸ்பெக்ஷன் சுவிட்ச் ஒன்று இருக்கும். தெரியாமல் முழங்கை பட்டு மாறிவிடக் கூடாது என்று அதற்குக் காப்பு வைத்திருப்பார்கள். ஸ்டாப் பொத்தான் அடித்தால் உடனே உள்ளே போகும், வெளியே எடுக்க வேண்டுமானால் திருகியோ இழுத்தோதான் எடுக்க வேண்டும். ஏதோ பெரிய விஞ்ஞானம் இல்லை. கை படும் இடத்தில் இருப்பது, கை பட்டதும் மாறக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் வெள்ளிப் பொருளில் இதை யோசிக்க ஓர் ஆள் கிடைக்கவில்லையா? எங்கள் சூப்பர்வைசராக இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

2024 தைப்பூசத்தை எழுதாமல் இருக்க முடியாது. தம்பி மகனுக்கு முதல் பால்காவடி. இங்கே தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை 1968இலேயே போய்விட்டது, வியாழக்கிழமை வேறு, குடும்பத்தில் பாதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை. "பெரியப்பா இருக்காரு, பெரிய கேமரா இருக்கு" என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். பெருமாள் கோயிலில் புறப்பட்டதிலிருந்து கூடவே நடந்தேன். சிலிகி ரோட்டில் நல்ல காலை வெயில், அவன் முகத்தில் வேர்வையும் திருநீறும், பால்சொம்பு மின்னுகிறது. திரையைச் சாய்த்து வயிற்றுக்கு நேராக வைத்துக்கொண்டு எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். திரையில் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். அந்த வெயிலில் திரையில் என் மூக்குக்கண்ணாடிதான் தெரிந்தது.

டேங்க் ரோட்டில் நிழலுக்கு வந்து பார்த்தபோது டயல் கூட்டல் 2இல் நிற்கிறது. திருநீறு, சொம்பு, நெற்றி எல்லாம் ஒரே வெள்ளைத் தாள். அப்போது நான் ஜேபெக்கில் (கேமராவே சுருக்கிச் சேமிக்கிற படம்) மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓரளவு இருண்ட படத்தைக் கணினியில் இழுத்துத் தூக்கலாம். வெளுத்துப் போன இடத்தில் விவரமே பதிவாகியிருக்காது, அங்கே இழுக்க ஒன்றுமில்லை. 212 படம். கடைசியில் வீட்டில் மாட்டியிருப்பது அவன் கூட்டாளி போனில் எடுத்தது. நல்ல படம், குறை சொல்ல முடியாது. தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு ரா ஃபைலுக்கு, அதாவது சென்சார் பிடித்ததைச் சமைக்காமல் சேமிக்கிற கோப்புக்கு, மாறினேன். டயல்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். ஒரு வாரம் நிம்மதி. ஆனால் டயல் இல்லாமல் என்னால் படம் எடுக்க முடியவில்லை. ஏனென்றால் நான் எடுப்பது லிஃப்ட் பொத்தான்கள்.

சிரிக்காதீர்கள். வகுப்பில் எல்லாரும் மரினா பே, சுங்கை பூலோ பறவை என்று கிளம்பினார்கள். நானும் ஒருநாள் சுங்கை பூலோ போனேன். இந்த லென்ஸில் கொக்கு எறும்பு அளவுக்கு வந்தது. திரும்பி வந்து எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் ஏறினேன், பொத்தான் பலகை கண் முன்னால். 36 வருடம் அதைத் திறந்து பின்பக்கம்தான் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்லலாம்.

ஒரு பலகையைக் கிட்டத்தில் பாருங்கள். 1ஆம் எண் எல்லா இடத்திலும் தேய்ந்திருக்கும், அது எல்லாருக்குமானது. ஈசூனில் ஒரு புளோக்கில் 9ஆம் பொத்தானைச் சுற்றி மட்டும் மெல்லிய பிறைப் பிறையாகக் கீறல். சாவியால் குத்துகிறவர் ஒருவர் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார், வலக்கை, கொஞ்சம் அவசரக்காரர். அதே பலகையின் ஓரத்தில் கோவிட் காலத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளின் பசை ஒரு கோடாகக் கறுத்துக் கிடக்கிறது. பழைய லிஃப்டுகள் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும், மற்றவர்கள் படியேற வேண்டும். 2001இல் தொடங்கிய லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் வாசலுக்கு வாசல் நிற்க ஆரம்பித்தது. அந்த வேலையில் நானும் இருந்தேன். அப்போது கழற்றி எறிந்த, நாலே பொத்தான் இருந்த பலகைகளை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

எடுப்பது சுலபமில்லை. எவர்சில்வர் தகடு பளபளவென்று இருக்கும், மீட்டர் பயந்துபோய் அதை மந்தமான ஈயமாக்கிவிடும். கூட்டல் 1, சில சமயம் கூட்டல் 1⅓ வைத்தால்தான் தகடு தகடாக வரும். பழுப்பேறிய பழைய பலகைக்குப் பூஜ்யம் போதும். கறுப்புக் கண்ணாடிப் பலகை என்றால் கழித்தல். ஒரு காலையில் ஆறு புளோக் ஏறி இறங்கினால் முப்பது தடவையாவது அந்த டயலைத் திருப்புகிறேன். மெனுவுக்குள் போய் இதைச் செய்ய வேண்டியிருந்தால் இரண்டாம் நாளே விட்டிருப்பேன். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உருப்படாத டயலாக இருந்தால் டேப்பை ஒட்டி மறந்திருக்கலாம்.

தகட்டில் என் முகம் தெரிகிறதே என்று போலரைசர் ஃபில்டருக்கு 60 வெள்ளி தண்டம் அழுதேன். கண்ணாடி, தண்ணீரில் வருகிற பிரதிபலிப்பைத்தான் அது குறைக்கும், வெறும் உலோகத்தில் வேலைக்கு ஆகாது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நின்றால் போதும், அது இலவசம். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் சில லிஃப்டில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். முதலில் லைட்தான் கெட்டுவிட்டது என்று பழைய புத்தியில் கூரையைத் தட்டிப் பார்த்தேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடும் சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. ஷட்டரை நூறில் ஒரு விநாடி, அல்லது ஐம்பதில் ஒன்று வைத்தால் கோடு போய்விடும். தீபாவளி ஒளியூட்டுக்கு சிராங்கூன் ரோட்டில் எடுக்கப் போகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆட்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு சீன ஆன்ட்டி மட்டும் மார்க்கெட் தள்ளுவண்டியோடு உள்ளே வந்து, கேமராவையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்து, "அங்கிள், லிஃப்ட் ஸ்பாய்ல் ஆ?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. மூன்றாவது மாடியில் இறங்கி மீதியைப் படியில் ஏறிப் போனார். பாவம்.

ஈரப்பதம் பற்றிக் கேட்காதவர் இல்லை, அதனால் சுருக்கமாக. ஈரத்தைக் குறைத்து வைக்கிற டிரை பாக்ஸ் வாங்காமல் இங்கே கேமரா வாங்காதீர்கள், லென்ஸுக்குள் பூஞ்சை வரும். நான் 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். "என் முறுக்கு டப்பாவுக்குக்கூட இந்த மரியாதை இல்ல" என்று மனைவிக்கு ஒரு குறை. ஏர்கான் அறையிலிருந்து எடுத்தால் வெளியே வந்ததும் கண்ணாடி பனி பிடித்துவிடும், பையை மூடியபடியே கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

ரிப்பேருக்குப் போனதும் டயலால்தான். இரண்டு மாதமாக மூன்றில் ஒரு பங்கு நகர்த்தினால் ஒன்று தாவியது, சில நாள் திருப்பியும் எண் மாறவில்லை. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே காண்டாக்டில் வேர்வை உப்பு ஏறியிருக்கிறது, அதிகமாகத் திருப்பியிருக்கிறீர்கள் என்றார். நான் திருப்பியது பாதி, அது தானாகத் திரும்பியது பாதி என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சுத்தம் செய்து பாகம் மாற்றிக் கொடுத்தார். புதுசாக இருப்பதால் இப்போது முன்னைவிட லேசாகத் திரும்புகிறது.

டேப்புக்குப் பதில் இப்போது ரப்பர் பேண்ட். டேக்கா மார்க்கெட்டில் கீரைக்கட்டில் வருமே, அந்தத் தடித்த நீலம். டயல்மேல் ஓடுகிற மாதிரி கேமராவைச் சுற்றிப் போட்டால் தானாகத் திரும்பாது, கட்டைவிரலால் அழுத்தினால் திரும்பும். பார்க்க அசிங்கம். மாதம் ஒன்று அறுகிறது.

கூட்டாளி கேள்விக்கு வருகிறேன். இதற்கு அடுத்து வந்த மாடலில் டயல் நடுவே ஒரு பூட்டுப் பொத்தான் வைத்துவிட்டார்கள், விலையும் இறங்கியிருக்கிறது. அதைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். பூட்டு நன்றாக இருக்கிறது, டயல் கொழகொழவென்று இருக்கிறது, அந்த டிக் இல்லை. கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்னுடையதை நீங்கள் வாங்க வேண்டாம் தம்பி. படம் நல்லாத்தான் வரும், மூன்று வருடத்தில் வேறு ஒரு குறை கிடையாது, ஆனாலும் வேண்டாம். அந்தப் புதுசையே வாங்குங்கள். "அப்ப உங்களோடத எனக்கு வித்துடுங்க" என்று நேற்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அது நடக்காது.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கேமரா மேசையில்தான் இருக்கிறது, நீல ரப்பர் பேண்டோடு. காலையில் பூஜ்யத்தில் வைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது பார்த்தால் கழித்தல் ⅔. மனைவியைக் கேட்டேன், மேசையைத் துடைத்தாளாம், கேமராவைத் தொடவே இல்லையாம்.