வாட்ஸ்அப்பா, சிக்னலா, டெலிகிராமா?

வாட்ஸ்அப்பை விட்டுச் சிக்னல் என்ற செய்திச் செயலிக்குப் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: இரண்டிலும் போட்டிருக்கும் பூட்டு ஒன்றுதான். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் எல்லா உரையாடல்களுக்கும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு) கொண்டுவந்தபோது, சிக்னலின் புரோட்டோகாலைத்தான், அதாவது அதன் பூட்டும் முறையைத்தான், எடுத்துக்கொண்டது. நாம் எழுதுவதை வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நடுவழியில் பிரித்துப் படிக்கிறது என்பது சரியல்ல.

எனக்கு உறுத்துவது, உறையின் மேல் எழுதியிருப்பது. மற்றவர்களோடு எப்படி, எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை தடவை பேசினோம் என்பதைச் சேகரிப்பதாக வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கையே சொல்கிறது. நள்ளிரவில் புற்றுநோய் மருத்துவருக்கு ஒருவர் நான்கு முறை செய்தி அனுப்பினால், உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமலேயே அந்த வீட்டின் நிலைமை புரிந்துவிடும். 2021-ல் புதிய கொள்கையை ஏற்றே ஆக வேண்டும் என்று வாட்ஸ்அப் நின்றதற்காக, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு ₹213.14 கோடி அபராதம் போட்டது. மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது.

சிக்னலிடம் உறையே கிட்டத்தட்ட வெறுமைதான். 2016-ல் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து சட்ட ஆணை வந்தபோது, ஒரு கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது என்ற இரண்டு விவரங்களைத்தான் அதனால் தர முடிந்தது. சேமித்து வைத்திருந்ததே அவ்வளவுதான். நடத்துவது இலாப நோக்கற்ற அறக்கட்டளை, விளம்பரம் கிடையாது.

அப்புறம் வாட்ஸ்அப்பில் தெரியும் அந்த நீல வளையம். மெட்டாவின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான மெட்டா ஏஐ 2024-ல் இந்தியாவில் வாட்ஸ்அப்புக்குள் வந்தது. நாம் யாரும் கேட்கவில்லை, எடுத்துவிடவும் வழி தரவில்லை. அதனிடம் கேட்பது மெட்டாவுக்கே போகும் செய்தி. அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அதில் போட்டு விளக்கம் கேட்டால், என்கிரிப்ஷன் காப்பாற்றும் என்று நினைக்கக் கூடாது. சிக்னலோ எதிர்த்திசையில் போகிறது: விண்டோஸ் 11-ன் ரீகால் வசதி திரையைப் படமெடுத்துச் சேமிக்காதபடி, 2025 மே மாதம் தன் கணினிச் செயலியில் தானாகவே தடை போட்டது.

டெலிகிராமைத் தனியுரிமைக்காகத் தேர்வதில் பொருளில்லை. சாதாரண உரையாடலுக்கும் குழுக்களுக்கும் எண்ட்-டு-எண்ட் பூட்டே இல்லை. 'சீக்ரெட் சாட்' தொடங்கினால்தான் உண்டு. சினிமா சேனல் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

சிக்னலின் பெரிய குறை, சொந்தக்காரர்கள் அங்கே இல்லாததுதான். கணக்குத் தொடங்கத் தொலைபேசி எண்ணும் வேண்டும். 2024 முதல் அதை மற்றவரிடம் மறைத்துக்கொள்ளலாம். குடும்பக் குழு வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். மருத்துவம், வங்கி, ஆதார் பற்றிய பேச்சை மட்டும் நெருங்கிய மூன்று நான்கு பேரோடு சிக்னலுக்கு மாற்றுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வாட்ஸ்அப்பில் தங்குபவர்கள் உரையாடல்களின் நகலைச் சேமிக்கும் 'சாட் பேக்கப்' பகுதிக்குப் போய் என்கிரிப்ஷனை இன்றே போட்டுவிடுங்கள். அது தானாக இயங்காது. கடவுச்சொல் வைத்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மறந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.