கசடுத் தூள் என்று வாங்கி ஏமாந்த கதை

மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்கரைப் பக்கம் மதில் கட்ட எட்டுத் தூண் போட்டேன். சீமெந்து வாங்கப் போன கடையில் முதலாளி, "தம்பி, உப்புக் காத்துக்கு வெறும் சீமெந்து நிக்காது. ஊதுலைக் கசடுத் தூள் இருக்கு, பாதிக்குப் பாதி கலவுங்க" என்றார். விலையும் சீமெந்துப் பையில் பாதிதான். எழுத்தே இல்லாத வெள்ளைப் பைகளில் 12 வாங்கினேன்.

அவர் கசடைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. இரும்பு உருக்கும் ஊதுலையில் மேலே மிதக்கும் கசடைத் தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்து, மாவாக அரைத்தால் அது சீமெந்துக்குத் துணையாக நன்றாக இறுகும். உப்பு உள்ளே புகுந்து கம்பியை அரிப்பதையும் குறைக்கும். ஐரோப்பியத் தரத்தில் கசடுச் சீமெந்து என்றால் 36 வீதத்திலிருந்து 95 வீதம் வரை கசடுதான். ஆனால் இலங்கையில் ஊதுலையே கிடையாது, எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். அது பெயரில்லாத பையில் பாதி விலைக்கு எப்படி வந்தது என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் பலகை கழற்றினோம். தூண் மூலை நகம் பட்டே உதிர்ந்தது. கடைக்குப் போனேன். "கசடு மெதுவாத்தான் இறுகும், ஒரு மாசம் பொறுங்க, தண்ணி விடுங்க" என்றார். இதுவும் உண்மைதான்! அதனால்தான் மனுசன் தப்பித்தார். சாக்குச் சுற்றி நாள் தவறாமல் தண்ணீர் விட்டேன். ஒரு மாதம் கழித்துச் சாவியால் கீறினால் சோளமா மாதிரிக் கொட்டுகிறது.

கட்டட வேலை தெரிந்த மருமகன் வந்தான். மிச்சத் தூளில் ஒரு கரண்டி எடுத்து வினாகிரி ஊற்றினான். நுரை எழும்பியது. அசல் கசடென்றால் கூழ்முட்டை நாற்றம் வரும், இப்படி நுரைக்காது, இது சுண்ணக்கல் வகைத் தூள் மாமா என்றான். மக்னீசியம் கலந்த சுண்ணக்கல் மாதிரியான டொலமைட்டாகவும் இருக்கலாமாம். (சாதாரணச் சீமெந்திலும் சிலவற்றில் சுண்ணக்கல் கலப்பார்கள், அதுவும் நுரைக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) கசடின் இன்னோர் அடையாளமும் சொன்னான்: கசடு கூடுதலாகப் போட்ட கொங்கிரீட்டைப் புதிதாக உடைத்தால் உள்ளே நீலப்பச்சை நிறம் தெரியும், காற்றுப் பட்டால் மங்கிவிடும். எங்கள் தூணை உடைத்தோம், வெறும் சாம்பல் நிறம்.

கடைக்காரர் இப்போது மேசன் கலந்த பிழை என்கிறார். சிட்டையில் 'தூள் 12' என்று மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து யாரிடம் முறையிட?

கசடு வேண்டுமென்றால் ஆலையிலேயே கலந்து, பையில் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையோடு வருவதை வாங்குங்கள். கலப்புச் சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 1247. சிட்டையில் பொருளின் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

எட்டுத் தூணையும் இடித்தாயிற்று. கம்பி மட்டும் மிஞ்சியது. நாலு பை இன்னும் கராச்சில் கிடக்கிறது, தென்னைக்குப் போடச் சொல்கிறார் மேசன்.